பின்படி எடுத்த பஸ்

5.7.2010 திங்கள்

வெயில் இல்லை. மேல்காற்று. ஓ.டி. (ஓல்ட் டவுன்) பஸ் நிறுத்தத்தில் மண்ணை வாரி முகத்தில் அடித்தது. கண்ணைக் கசக்க முடியாது, இரண்டு கையிலும் மகள் ஸ்டெல்லா.

முதல் படியில் வலது கால். கம்பியில் முதுகைச் சாய்த்து ஒரு மூச்சு. அப்புறம் இரண்டாவது படி. இன்று இரண்டாவது படியில் இடது தோள் மளுக்கென்றது. பிடி நழுவவில்லை, நழுவப் பார்த்தது. அவளுக்குத் தெரிந்திருக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்து ஃபைலைத் திறந்துகொண்டாள். கண்டக்டர் சக்கர நாற்காலியை மடித்துப் பின்னால் போட்டார். "பெரியவரே, இன்னும் எத்தினி வருஷத்துக்கு இந்த வேலை?" என்றார். சிரித்தேன். சிரிப்பு வரவில்லை.

மகளுக்கு முப்பத்தொன்று. மூன்று வயதில் காய்ச்சல் வந்து இரண்டு காலும் சூம்பிப்போயின. அன்றிலிருந்து நான்தான் தூக்குகிறேன். கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கினவன், இவள் ஒரு கனமா என்று பேசிக்கொண்டு திரிந்தவன். இப்போது எழுபது தாண்டிவிட்டது.

தைலம். நாற்காலியின் இடது சக்கரத்துக்கு கிரீஸ். வீட்டுக்காரி மேரிக்கு மூட்டுவலி மாத்திரை, சனிக்கிழமை ஊருக்குப் போகும்போது.

நான் போய்ச் சேர்ந்த பிறகு யார் தூக்குவார்கள். இதை நினைக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். சிதம்பரம் வரும்வரை இதையேதான் நினைத்தேன்.

6.7 செவ்வாய்

காற்று நிற்கவில்லை. வாரநாளில் நாங்கள் தங்குகிற சிதம்பரம் அறையில் கதவு தட்டிக்கொண்டே இருக்கிறது. செங்கல் வைத்தேன்.

நான் பள்ளிக்கூடம் போனதில்லை. ஐம்பது வயதுக்கு மேல் முதியோர் வகுப்பில் எழுத்துக் கூட்டினேன். மேரி சிரித்தாள். இந்த டைரி மருந்துக்கடையில் கொடுத்தது. வாயால் சொன்னால் வீட்டில் இரண்டு பெண்களும் பயப்படுவார்கள். இதில் போட்டால் நெஞ்சு படபடப்பு கொஞ்சம் அடங்குகிறது.

ஸ்டெல்லா யூனிவர்சிட்டியில் ஆராய்ச்சி. படிப்பு கணக்கு. ஆராய்ச்சி பஸ்ஸைப் பற்றி. கணக்கில் பஸ் எங்கே வந்தது என்று முதலில் எனக்குப் புரியவில்லை. ஒரு நாள் பயறை எடுத்துத் தரையில் வைத்துச் சொன்னாள். ஒரு பஸ் ஓர் இடத்தில் கொஞ்சம் தாமதமானால், அடுத்த நிறுத்தத்தில் கூடுதலாகச் சனம் சேர்ந்திருக்கும். ஏற நேரமாகும். இன்னும் தாமதம். பின்னால் வருகிற பஸ்ஸுக்கு ஆளே இருக்காது, அது ஓடி வந்து இதை இடித்துக்கொண்டு நிற்கும். ஆகவே தாமதம் குட்டி போடும். சக்கர நாற்காலியில் வருகிறவர்களை ஏற்றினால் பஸ் தாமதமாகும் என்றுதான் எல்லோரும் வேண்டாம் என்கிறார்கள். அந்தத் தாமதத்தை வழியில் எங்கே கரைக்கலாம் என்பதுதான் இவள் கணக்கு. பி.முட்லூரில் டிரைவர்கள் டீ குடிக்க நிற்கிற நேரம் போதும் என்கிறாள்.

ஏறுவதற்கு ஒரு இரும்புப் பலகை செய்திருக்கிறார்கள். பிசிக்ஸ் டிபார்ட்மெண்ட் நசீமா, பரங்கிப்பேட்டைப் பெண், அவள் வரைந்தது. பின்வாசல் படியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பலகை. தரைக்கு இறங்கும், நாற்காலியோடு ஏறி நின்றால் மேலே தூக்கும். பஸ் பேட்டரியில் ஓடும். சுவிட்சு ஸ்டெல்லா கையில். யாரும் தொட வேண்டாம்.

லாரியில் மூட்டை ஏற்ற நாங்கள் சாய்த்து வைக்கிற பலகை மாதிரி ஒன்று போதாதா என்று கேட்டேன். நசீமா காகிதத்தில் போட்டுக் காட்டினாள். நாற்காலி தானாக ஏறுகிற சாய்வுக்கு அந்தப் பலகை எதிர்ப்பக்க டீக்கடைக்குள் போய் நிற்குமாம். ஸ்டெல்லா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சந்தோஷம், அவள் சிரித்து நாளாயிற்று.

8.7 வியாழன்

புழுக்கம். சாயங்காலம் இடி மட்டும், மழை இல்லை.

பஸ் முதலாளி, பலகை பொருத்துகிற பட்டறைக்கு வந்தார். ஓ.டி.க்கும் சிதம்பரத்துக்கும் ஓடுகிற அவருடைய பழைய வண்டி ஒன்றைச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறார். நல்ல மனுஷன், ஆனால் இருப்புக்கொள்ளாதவர். பின்படி இருந்த இடத்தில் ஓட்டையைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போயிற்று.

"வர்ற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை ஆடி பொறக்குதும்மா. கோயில் கூட்டம். பின்படி இல்லாம நான் இன்னா பண்ணுவேன்? அதுவுமில்லாம புதுசா ஒண்ண மாட்டிக்கிட்டு ஆடிய ஆரம்பிக்க மாட்டேன், எங்கப்பா காலத்துலேருந்து. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டி எப்படி இருந்துச்சோ அப்படி எனக்கு வேணும்."

ஸ்டெல்லா சரி என்று சொல்லிவிட்டாள். ஆகவே 16ஆம் தேதிக்குள் எல்லாம். போக்குவரத்து ஆபீசர் ஒருவர் வந்து, கூட இருந்து பார்த்து, மேலே எழுத வேண்டும். அவர் நன்றாக எழுதினால் மற்ற பஸ்களில் வைப்பதைப் பற்றி யோசிப்பார்கள். எழுதாவிட்டால் மூட்டை கட்டி வைப்பார்கள். அவள் ஆராய்ச்சியின் கடைசி அதிகாரமும் இந்த ஓட்டத்தை நம்பித்தான். அவளுடைய கணக்குப் பேராசிரியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம், காகிதத்தில் ஓடுகிற பஸ் போதாது, ரோட்டில் ஓட வேண்டும் என்று.

திங்கட்கிழமை சோதனை.

இரண்டு முறை போய் நாற்காலி நட்டுகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

9.7 வெள்ளி

அவளிடம் சொல்லாமல் ஒரு வேலை. சொந்தக்காரர் ஒருவரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, பஸ்ஸில் ஒவ்வொரு நிறுத்தமாக இறங்கினேன். பி.முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம். திங்கட்கிழமை என் பெண் வருவாள், வண்டி கொஞ்சம் நிற்கும், யாரும் கோபப்படக் கூடாது, வாய் விடக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். டீக்கடை, பூக்கடை, நிற்கிற சனம், ஆட்டோக்காரர்கள்.

ஏன் போனேன் என்றால், அவள் ஆறாவது படிக்கும்போது ஒரு கண்டக்டர் கேட்டார், "மூட்டைக்குத் தனி டிக்கெட் எடுத்தியா?" வண்டியே சிரித்தது. இவளும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அவர் சட்டைப் பையில் பச்சைச் சீப்பு, அதுகூட ஞாபகம். ஆபீசர் முன்னால் யாராவது அப்படி ஒன்று சொல்லிவிட்டால்?

புதுச்சத்திரத்தில் அஞ்சலையைப் பார்த்தேன். கூடையில் மீன் விற்கிறவள், அவளும் அவள் கூட்டமும் இருபது வருஷமாக எங்கள் பஸ்ஸில் ஏறுகிறவர்கள். "நாங்க இருக்கோம் மாமா, நீ ஏன் கவலப்படுற" என்றாள். மனசு லேசாயிற்று. ஒரு சர்பத் குடித்தேன்.

11.7 ஞாயிறு

ஓ.டி. வீடு. வெயில். பூசைக்குப் போனோம். மேரி மெழுகுவர்த்தி ஏற்றினாள். எனக்கு மண்டியிட முடியவில்லை, பெஞ்சிலேயே.

வீட்டில் மீன் குழம்பு, மாங்காய் போட்டு. யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மேரி ஸ்டெல்லாவிடம் எந்தப் புடவை என்று கேட்டாள். சுடிதார்தான், புடவை சக்கரத்தில் மாட்டும் என்றாள் இவள். "ஆபீசர் வர்றார்டி." "அவரு என்னைப் பொண்ணு பாக்கவா வர்றாரு?"

பலகை பாதியில் நின்றுவிட்டால்? பேட்டரி இறங்கிவிட்டால்? ரோட்டோரம் பள்ளமாக இருந்தால் பலகை ஒரு பக்கம் அந்தரத்தில் நிற்குமே?

தைலம் தேய்த்தேன். தோள் நேற்றைவிடப் பரவாயில்லை.

12.7 திங்கள்

எழுதப் பிடிக்கவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

ஓ.டி.யில் நன்றாக ஏறினாள். பலகை இறங்கியது, இவள் உருட்டிக்கொண்டு அதன்மேல் வந்தாள், சுவிட்சை அழுத்தினாள், உயர்ந்தாள். யாரும் தொடவில்லை. என் கை இரண்டும் அந்தரத்தில் நின்றன, வேலை இல்லாமல். ஆபீசர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். ஒல்லியான மனுஷன், கழுத்தில் கைக்குட்டை, சட்டை முதுகில் நனைந்திருந்தது. மரியாதையாகப் பேசினார். சிப்காட்டில் ஷிப்டு ஆட்கள் ஏறினார்கள், கூட்டம். ஆலப்பாக்கத்தில் இறங்கி மறுபடி ஏறிக் காட்டினாள். அதுவும் நல்லபடி.

புதுச்சத்திரம். பலகையில் கீழே இறங்கினாள். ஏறுவதற்காக நாற்காலியைத் திருப்பினாள். அவ்வளவுதான். அஞ்சலை கூடையைக் கீழே வைத்தாள். அவளோடு நான்கு பேர். பூக்கடைக்காரர். ஒரு ஆட்டோக்காரர். "அந்த இரும்ப நம்பி இந்தப் புள்ளைய வுடறதா? புடிடி அந்தப் பக்கம்." நாற்காலியோடு அலாக்காகத் தூக்கி முன்வாசல் வழியாக உள்ளே வைத்துவிட்டார்கள். பத்து விநாடிகூட இல்லை. ஸ்டெல்லா ஏதோ சொன்னாள், இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. கீழே நின்று அஞ்சலை என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள், சொன்னபடி செய்துவிட்டேன் என்கிற மாதிரி.

ஆபீசர் எழுதினார். பக்கத்தில் நின்ற நசீமா படித்துவிட்டாள். பொதுமக்கள் உதவியுடன் மிக விரைவாக ஏறினார், தனிச் சாதனம் தேவைப்படவில்லை என்று எழுதியிருந்ததாம்.

சிதம்பரம் ஸ்டாண்டில் இறங்கியதும் அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். "நம்ம ஜனங்க எவ்வளவு நல்லவங்க பாருங்கம்மா. இப்படி மனுஷங்க இருக்கறப்போ இரும்புக்கு எதுக்குச் செலவு பண்ணணும்?"

ஸ்டெல்லா குரலை உயர்த்தவில்லை. "மழை நாள்ல சார்? கடைசி பஸ்ல? ஆம்பளைங்க மட்டும் நிக்கிற பஸ்ல?"

அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். வெள்ளிக்கிழமை இன்னொரு முறை வருகிறேன் என்றார். "ஆனா நான் பாத்ததத்தான்மா எழுத முடியும். அன்னிக்கும் தூக்கினாங்கன்னா, தூக்கினாங்கன்னுதான் எழுதுவேன்."

13.7 செவ்வாய்

பேசவில்லை. காலை இட்லி, ஸ்டெல்லா பேசவில்லை. யூனிவர்சிட்டிக்குத் தள்ளிக்கொண்டு போனேன், பேசவில்லை. வழியில் மழை பிடித்து வேப்பமரத்தடியில் நின்றோம், அங்கேயும்.

சாயங்காலம் கேட்டாள். அந்தச் சனத்துக்கெல்லாம் திங்கட்கிழமைதான் என்று எப்படித் தெரியும்?

சொன்னேன். சனம் எரிச்சல்படக் கூடாது என்றுதான் போனேன் என்றேன்.

"உனக்குப் பயம்பா. அந்தப் பயத்த எடுத்துட்டுப் போயி ஒவ்வொரு ஸ்டாப்லயும் குடுத்துட்டு வந்திருக்க."

அப்புறம் விளக்கைப் போட்டுக் கணக்கு எழுத உட்கார்ந்தாள். நான் வெளியே போய் நின்றேன். ரோட்டில் ஒரு ஆள் இன்னொரு ஆளிடம், "உதவி பண்ணவன் எவன்டா உருப்பட்டான்" என்று சொல்லிக்கொண்டு போனான். வேறு ஏதோ பேச்சு. எனக்குச் சொன்ன மாதிரி இருந்தது.

14.7 புதன்

மூட்டம். மதியம் மழை.

பட்டறையில் வேலை. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் கனமான ஆளை வைத்தும் பலகையைப் பார்க்க வேண்டும் என்றாள் நசீமா. ஸ்டெல்லா கனம் கம்மி, மோட்டார் ஜாஸ்தி கனத்துக்கும் தாங்குமா தெரியாது. "அங்கிள், நீங்க உக்காருங்களேன்."

இத்தனை வருஷத்தில் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. பிரேக் கண்டுபிடிக்கவே நேரமாயிற்று. பலகையில் ஏறிச் சுவிட்சை அழுத்தினேன். பலகை குலுங்கிக்கொண்டு எழும்பியது. ஆனாலும் என் விரலில்தான் இருந்தது, விட்டால் நின்றது. இரண்டு மூன்று முறை. கொஞ்சம் பிடித்தும் போயிற்று.

திடீரென்று மழை. பலகை பாதி உயரத்தில் இருந்தது. வயர் நனையக் கூடாது என்று யாரோ கத்தினார்கள். பட்டறை ஆட்கள் நான்கு பேர் ஓடிவந்தார்கள், ஒரு வார்த்தை கிடையாது, பிடித்துத் தூக்கிவிட்டார்கள். அக்குளில் ஒரு கை. தொடைக்கு அடியில் ஒரு கை, யாருடையது என்று தெரியாது. வேட்டி ஏறிவிட்டது. ஒரு செருப்பு விழுந்தது. மேலே வானம் மட்டும் தெரிந்தது, மழை கண்ணில் விழுந்தது. இருங்க, இருங்க என்றேன். அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். "அப்படித் திருப்புடா." "முதுகப் புடி." என்னிடம் யாரும் பேசவில்லை. கொட்டகைக்குள் இறக்கி வைத்து, "சொகமா வந்தீங்களா பெரியவரே" என்று சிரித்தார்கள். நல்ல பசங்க. டீ வாங்கிக் கொடுத்தார்கள். கிளாஸைப் பக்கத்தில் வைத்துவிட்டு வேட்டியை இறக்கிவிட்டேன். செருப்பை ஒருவன் கொண்டுவந்து காலில் மாட்டிவிட்டான், அதுவும் கேட்காமல்.

ஸ்டெல்லா வாசலில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். 

எனக்கு ஞாபகம் ஜாஸ்தி, அதுதான் இன்றைக்குத் தொல்லை. வரிசையாக வருகிறது. சர்ச்சில் முதல் நற்கருணை, புதுநன்மை வாங்கின அன்று வெள்ளைக் கவுனோடு பீடத்துக்குத் தூக்கிப்போனது. பன்னிரண்டாவது பரீட்சைக்கு மாடி ஏற்றினது, அப்போது இவள் கையில் பேனா மூடி திறந்திருந்தது, என் சட்டையில் மை. தம்பி மகள் கல்யாணத்தில் இவள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே போட்டோவுக்கு என்று எச்சில் கையோடு மேடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். போட்டோவில் எல்லோரும் சிரிக்கிறோம். இவள் வலது கையைப் பின்னால் மறைத்திருக்கிறாள்.

தூக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வாள். சின்னதிலிருந்தே. அப்பன்மேல் அவ்வளவு நம்பிக்கை என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

15.7 வியாழன்

வெயில். காற்று மறுபடி.

ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டே கிளம்பினேன். புதுச்சத்திரம் போய் அஞ்சலையைப் பார்க்கப் போகிறேன், தூக்க வேண்டாம் என்று சொல்லப் போகிறேன், போகட்டுமா.  போ, ஆனால் கெஞ்சாதே என்றாள். அவளையும் நாற்காலியையும் நசீமா தன் அண்ணன் வேனில் சாயங்காலம் ஓ.டி.யில் கொண்டு விடுவதாக ஏற்பாடு, நாளைச் சோதனை அங்கிருந்துதான்.

அஞ்சலைக்குக் கோபம். அவள் செய்தது தப்பு என்று எப்படிச் சொல்வது? நேற்று பட்டறையில் என்னைத் தூக்கினதைச் சொன்னேன். வேட்டி ஏறினதையும் மறைக்காமல் சொன்னேன். முதலில் சிரித்தாள், பக்கத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டு மறுபடி சொல்லச் சொன்னாள். இரண்டாவது முறை சொல்லும்போது சிரிக்கவில்லை.

"எங்க நாத்தனா புருஷன் என்னிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனான் மாமா, நான் எட்டு மாச வயித்தோட இருந்தப்போ. அவன் நல்லதுக்குத்தான் தூக்கினான். இன்னிக்கும் அவன் மூஞ்சியப் பாக்க எனக்கு ஒரு மாதிரி இருக்கும்."

கொஞ்ச நேரம் ஈ ஓட்டினாள். பிறகு கேட்டாள். "ஆனா அந்தப் புள்ள கண்ணு முன்னால தடுமாறும். நாங்க கைய வச்சிக்கினு எப்படிச் சும்மா நிக்கிறது? கை கேக்காதே."

எனக்கும் அதுதானே.  அவளே ஒரு வழி சொன்னாள். "கூடைய எறக்க மாட்டோம். தலையில கூடைய ஒரு கையால புடிச்சிக்கினு இருந்தா ஓடியாற முடியாது. அவ ஏறுற வரைக்கும் ஒருத்தியும் எறக்கக் கூடாதுன்னு சொல்லிடறேன்." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உங்கிட்ட கூடை இல்லியே மாமா. நீ இன்னா பண்ணுவ?"

பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

ஓ.டி. வந்தபோது ஸ்டெல்லா முன்னாலேயே வந்திருந்தாள். வேனில் எப்படி ஏறினாய் என்று கேட்க வாய் எடுத்தேன். கேட்கவில்லை.

16.7 வெள்ளி

காலை. மேல்காற்று பலம். மேரி ஜெபமாலையோடு நிறுத்தம் வரை வந்தாள். டீ மட்டும் குடித்தேன்.

ஆபீசர் வந்தார், அதே கைக்குட்டை. ஓ.டி., ஆலப்பாக்கம், ஒழுங்காகப் போயிற்று. மற்றதைச் சாயங்காலம் எழுதுகிறேன்.

சாயங்காலம், சிதம்பரம்

புதுச்சத்திரத்தில் வண்டி போன தடவை நின்ற இடத்தில் நிற்கவில்லை. முன்னால் ஒரு லாரி. தள்ளி நிறுத்தினார் டிரைவர், ரோட்டோரம் சரளை, சரிவு. இறங்கும்போது தெரியவில்லை. திரும்பி ஏறும்போது பலகையின் ஒரு ஓரம் தரையில் படியாமல் விரல் தடிமன் தூக்கிக்கொண்டு நின்றது. முன் சக்கரம் அதில் இடித்து நின்றுவிட்டது.

பின்னால் போனாள். வேகமாக வந்தாள். இடித்தது. நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்து மறுபடி உட்கார்ந்தது. வண்டிக்குள்ளிருந்து, "எத்தினி நேரம்பா, ஒருத்திக்காக" என்று ஒரு குரல். டிரைவர் ஹாரன் அடித்தார். நசீமா வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

அஞ்சலையும் மற்றவர்களும் தலையில் கூடையோடு வரிசையாக நின்றார்கள். மீன் தண்ணீர் ஒருத்தியின் கன்னத்தில் வழிந்தது, துடைக்கவில்லை. பூக்கடைக்காரர் ஓர் அடி எடுத்து வைத்தார். "நில்லுய்யா" என்றாள் அஞ்சலை, தலையைத் திருப்பாமல்.

நான் ஊர்ப்பெயர்ப் பலகையின் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். பிடித்திருக்கிறேன் என்று பிறகுதான் தெரிந்தது. இரும்பு சூடு.

ஸ்டெல்லா நின்று பார்த்தாள். அவசரப்படவில்லை. சரளையைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். நாற்காலியை முழுக்கத் திருப்பிவிட்டாள், முதுகு பலகைப் பக்கம். பெரிய சக்கரம் முதலில் ஏறுகிற மாதிரி பின்னாலேயே இழுத்தாள். முகம் எங்கள் பக்கம். கழுத்து நரம்பு புடைத்தது. ஏறிவிட்டது. சுவிட்சை அழுத்தினாள். பலகை முனகிக்கொண்டு அவளைத் தூக்கியது. அவள் கண்ணைத் திறந்துகொண்டிருந்தாள், மேலே போகும் வரைக்கும்.

கண்டக்டர் விசில் அடித்தார். நான் முன்வாசலுக்கு ஓடினேன். கம்பியைப் பிடிக்க இடது கை எழும்பவில்லை, வலது கையால் தொத்தினேன்.

பி.முட்லூரில் அவள் இறங்கி ஏறினது மட்டும்தான், டீ கிடையாது. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "என் டீய உம் பொண்ணு குடிச்சிட்டா பெரியவரே" என்றார். முதலாளி கண்டக்டருக்கு போன் மேல் போன், பின்வண்டி எங்கே, பின்வண்டி எங்கே. வெள்ளாற்றுப் பாலத்தில் திரும்பிப் பார்த்தேன், அது வருகிறது.  ஆனால் ஸ்டாண்டுக்குள் நாங்கள்தான் முதலில் நுழைந்தோம், எங்கள் நேரத்துக்கு. ஸ்டெல்லா சொன்ன இடத்தில் தாமதம் கரைந்திருந்தது. நசீமா அழுதாள். ஸ்டெல்லா அழவில்லை, தண்ணீர் கேட்டாள்.

ஆபீசர் இந்தத் தடவை எழுதினதை யாருக்கும் தெரியாமல் மூடி வைத்துக்கொண்டார். ஸ்டெல்லாவுக்கு முன்னால் வந்து நின்று, பிறகு என்ன தோன்றியதோ, பெஞ்சில் உட்கார்ந்து அவள் முகத்துக்கு நேராகப் பேசினார். "இன்னிக்கு யாரும் தொடல. அத எழுதியிருக்கேன். புதுச்சத்திரத்துல ஆன நேரத்தையும் எழுதியிருக்கேன். அது ஜாஸ்திதான்மா. மேல இருக்கறவங்க ரெண்டுல எதப் படிப்பாங்கன்னு எனக்குத் தெரியாது."

பேராசிரியரிடம் போனில் சொன்னாள். கடைசி அதிகாரம் எழுதலாம் என்று சொல்லிவிட்டாராம். பலகையின் ஓரத்தை மாற்ற வேண்டும் என்று நசீமா அங்கேயே காகிதம் எடுத்துவிட்டாள்.

பட்டறைக்குப் போனோம். முதலாளி சொன்னபடியே பலகையைக் கழற்றினார்கள். பின்படியை மறுபடி வைத்து நட்டு முடுக்கினார்கள். புதுச் சாயம் அடித்திருந்தார்கள், படிக்கு. முதலாளி எலுமிச்சம்பழம் கொண்டுவந்திருந்தார். ஸ்டெல்லா கடைசி நட்டு வரை இருந்து பார்த்தாள். பலகையைச் சுவரோரம் சாய்த்து வைத்துச் சாக்கு போட்டு மூடினார்கள்.

நாளைக்குச் சனிக்கிழமை. ஓ.டி. போக வேண்டும். அந்தப் படியில்தான் ஏற வேண்டும். மேலே இருந்து பதில் எப்போது வருமோ, வருமோ வராதோ.

அறைக்கு வந்து கஞ்சி வைத்தேன். சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்தேன். அப்புறம் கேட்டுவிட்டேன். நாளைக்கு எப்படித் தூக்கட்டும்? எங்கே பிடித்தால் உனக்குப் பரவாயில்லை?

தட்டைக் கீழே வைத்தாள். என்னைப் பார்க்காமல் தன் கையைப் பார்த்தாள், உள்ளங்கை இரண்டும் சக்கரம் இழுத்துச் சிவந்திருந்தன.

"எங்க வேணா புடி. தூக்கறதுக்கு முன்னாடி தூக்கறேன்னு சொல்லு."

மூன்று எண்ணிவிட்டுத் தூக்கட்டுமா என்றேன்.

"எண்ணாத. சொல்லிட்டு, நான் சரின்னு சொல்ற வரைக்கும் நில்லு."